விமான நிலையத்துக்கு உங்கள் மூன்றரை ஏக்கர் தேவைப்படுமா?

கேள்வி: ஐயா, பந்திங் நகரத்திலிருந்து சற்று உள்ளே எங்கள் குடும்பத்துக்கு மூன்றரை ஏக்கர் செம்பனை நிலம் உள்ளது. தோட்டத் துண்டாடல் நடந்த காலத்தில் என் தாத்தா வாங்கியது. நில உரிமைப் பத்திரமான கிராண்ட் இன்னும் காலஞ்சென்ற அப்பாவின் பெயரிலேயே இருக்கிறது. அம்மா இருக்கிறார், பிள்ளைகள் நாங்கள் மூவர். அண்மையில் ஒரு தரகர் வந்தார். சிப்பாங்கில் உள்ள கே.எல்.ஐ.ஏ. விமான நிலையம் விரிவடையப் போகிறது, அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்டால் சொற்பத் தொகைதான் கிடைக்கும், அதற்கு முன்பே தம்மிடம் ஒப்படைத்துவிடுவது நல்லது என்கிறார். பத்தாயிரம் வெள்ளி முன்பணமாகத் தந்து, இரண்டு ஆண்டுக்குள் இன்ன விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையையும் ஓர் அதிகாரப் பத்திரத்தையும் கேட்கிறார். என் தம்பியோ, இன்னும் பத்து ஆண்டு பொறுத்தால் விமான நிலையமே நம்மைக் கோடீஸ்வரர் ஆக்கும் என்கிறான். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த என் மகன் விமானப் பராமரிப்புப் படிக்க விரும்புகிறான். முன்பணத்தை வாங்கி அவனைச் சேர்க்கலாமா என்றும் யோசிக்கிறேன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அன்புள்ள ஐயா, உங்கள் தரகரும் தம்பியும் எதிரெதிராகப் பேசுவதுபோல் தோன்றினாலும் இருவரும் ஒரே நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறார்கள். விமான நிலையம் வளர்ந்தால் அதற்கு உங்கள் நிலம் தேவைப்படும் என்பதே அந்த நம்பிக்கை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கோலலங்காட், சிப்பாங் மாவட்டங்களில் நில மதிப்பீடு செய்துவரும் எனக்கு அது தவறான நம்பிக்கையாகவே படுகிறது. ஏன் என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன். ஒப்பந்தத்தைப் பற்றியும் மகனைப் பற்றியும் சொல்ல வேண்டியவை அதிலிருந்தே வந்துவிடும்.

1998 ஜூன் மாதம் திறக்கப்பட்ட இந்த விமான நிலையத்துக்காக ஒதுக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 10,000 ஹெக்டேர். நம் கணக்கில் சொன்னால் 25,000 ஏக்கருக்குச் சற்றே குறைவு. அதற்கு முன் நாட்டின் தலைவாசலாக இருந்த சுபாங் 1965இல் திறக்கப்பட்டு, முப்பது ஆண்டுக்குள் வீடுகளும் தொழிற்சாலைகளும் நான்கு பக்கமும் நெருக்கிக்கொண்டதால் விரியவே இடமில்லாமல் திணறியது. அந்தப் பாடத்தை நினைவில் வைத்துத்தான், நம் பக்கத்துச் செம்பனைக் காடுகளின் நடுவே இவ்வளவு பெரிய பரப்பை ஒரே வேலிக்குள் வளைத்துப் போட்டார்கள். மூலத் திட்டத்தின்படி படிப்படியாக ஐந்து ஓடுபாதைகளும் ஆண்டுக்கு 10 கோடிப் பயணிகளும் அந்த வேலிக்குள் அடங்க வேண்டும். இன்றுள்ள ஓடுபாதைகள் மூன்று. மூன்றாவது ஓடுபாதையும் 2014 மே மாதம் திறக்கப்பட்ட இரண்டாம் முனையமும் அந்த வேலிக்குள் இருந்த நிலத்திலேயே எழுந்தன.

அண்டை வீட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் கட்டப்பட்டபோது கடலைத் தூர்த்தே நிலம் உண்டாக்க வேண்டியிருந்தது. இப்போது எழும்பும் ஐந்தாம் முனையத்துக்காக ஒதுக்கப்பட்ட கிழக்குப் பகுதியையும் சேர்த்தால்கூட அதன் மொத்தப் பரப்பு நம்முடையதில் நான்கில் ஒரு பங்கை எட்டாது. இடப்பஞ்சம் உள்ள விமான நிலையத்தின் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவனுக்கு ஒரு பிடி இருக்கும். வேலிக்குள்ளேயே இத்தனை ஏக்கரை வைத்துக்கொண்டு, அதைப் பயன்படுத்தி முடிக்க வழி தேடும் ஒரு நிறுவனத்தின் பக்கத்தில் அந்தப் பிடி நமக்குக் கிடையாது. ஆகவே நான்காவது ஓடுபாதை என்றாவது ஒருநாள் வந்தாலும், பந்திங் உட்புறத்தில் உள்ள உங்கள் மூன்றரை ஏக்கருக்கு அது வரவேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு கோணமும் உண்டு. இந்த விமான நிலையத்தை நடத்தும் மலேசிய விமான நிலைய நிறுவனம் 2025 தொடக்கத்தில் பங்குச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டு, அரசாங்க முதலீட்டு நிறுவனமான கசானா, ஊழியர் சேமநிதி வாரியம், அபுதாபி முதலீட்டு ஆணையம், குளோபல் இன்ஃப்ராஸ்டிரக்சர் பார்ட்னர்ஸ் ஆகியோர் சேர்ந்த கூட்டணியின் கைக்குச் சென்றது. ஒரு பங்குக்கு 11 வெள்ளி கொடுத்தார்கள். கசானாவுக்கு 40 விழுக்காடு, சேமநிதி வாரியத்துக்கு 30 விழுக்காடு, மீதி வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு. (தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ உழைத்துச் சேமநிதியில் பணம் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இப்போது அந்த ஓடுபாதையில் ஒரு துளி சொந்தம். நம் ஊர்க் காப்பிக் கடைகளில் இதை யாரும் பேசிக் கேட்டதில்லை.) இவ்வளவு பணம் போட்டவர்கள் விமானம் இறங்குவதற்கான கட்டணத்தை மட்டும் நம்பி இருக்கமாட்டார்கள். கடை வாடகை, கிடங்கு வாடகை, நிலக் குத்தகை ஆகியவற்றிலிருந்து வருமானம் பெருக வேண்டும் என்பதே அவர்கள் கணக்கு. ஏரோபோலிஸ் என்ற பெயரில் விமான நிலைய நிலத்திலேயே வணிக நகரம் அமைக்கும் திட்டம் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. 2015இல் திறக்கப்பட்ட மிட்சுயி விற்பனை வளாகமும், 2020இல் இயங்கத் தொடங்கிய சைனியாவ் சரக்கு மையமும் அதன் பகுதிகள்தாம். ஆக, கிடங்கு கட்ட இடம் தேடும் ஒரு நிறுவனத்துக்கு நிலம் தருவதில் விமான நிலையமே உங்களுடைய போட்டியாளர். அவர்களிடம் சுங்கச் சலுகை மண்டலம் இருக்கிறது, விமானத்தின் வயிற்றுப் பக்கம் வரை லாரி போகும் வழி இருக்கிறது. உங்களிடம் இருப்பது பழக்குலை வண்டி போகும் மண்பாதை.

இதைப் படித்ததும் உங்கள் தம்பிக்குக் கோபம் வரலாம். விமான நிலையத்தால் சுற்றுவட்டாரத்தில் யாருமே பயன்பெறவில்லையா என்று கேட்பார். பெற்றார்கள், ஆனால் எங்கே என்பதைக் கவனிக்க வேண்டும். 1998க்குப் பிறகு வீடுகளும் கடைகளும் பெருகியது நீலாய், சாலாக் திங்கி, கோத்தா வாரிசான், சைபர்ஜெயா பக்கமாக. எலிட் நெடுஞ்சாலை அந்தப் பக்கம் போகிறது. 2002இல் ஓடத் தொடங்கிய விரைவு ரயிலும் புத்ராஜெயா, சாலாக் திங்கி வழியாகவே செல்கிறது. வளர்ச்சி குளத்தில் எறிந்த கல்லின் அலைபோல் வட்டமாகப் பரவவில்லை. சாலை போன பக்கம் போயிற்று, தண்டவாளம் போன பக்கம் போயிற்று. மேற்கே நாம் விமானத்தின் அடிவயிற்றைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். 1996 வாக்கில் என்னிடம் மதிப்பீட்டுக்கு வந்த இருவரை இன்றும் நினைத்துக்கொள்வேன். விமான நிலையம் வருகிறது என்ற பேச்சை நம்பி ஒருவர் உட்புறத்தில் ஐந்து ஏக்கர் வாங்கினார். மறு ஆண்டே நாணய நெருக்கடி வந்தது. இன்றும் அங்கே செம்பனைதான் நிற்கிறது. மற்றவர் அதே சமயத்தில் பெருஞ்சாலையோரம் முக்கால் ஏக்கர் வாங்கினார். அது இன்று லாரி நிறுத்துமிடமாக மாதாமாதம் வாடகை தருகிறது. அவர் விமான நிலையத்தை நினைத்து வாங்கவே இல்லை, டயர்க் கடை வைக்க வாங்கினார்.

இனி, விமான நிலையத்தின் எதிர்காலத்தைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்றும் சொல்ல வேண்டும். உங்கள் கேள்வியின் வேர் அங்கேதான் இருக்கிறது. 2019இல் 6 கோடியே 20 லட்சம் பேர் இங்கே வந்துபோனார்கள். பெருந்தொற்றுக் காலமான 2021இல் அது 40 லட்சம் அளவுக்குச் சரிந்தது. 2024இல் மீண்டும் 5 கோடியே 70 லட்சத்தை எட்டியது. இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்த எவரும், பத்து ஆண்டில் இன்ன விலை என்று உங்களுக்கு உறுதி சொல்லக் கூடாது. நீண்ட காலப்போக்கில் எண்ணிக்கை கூடும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எந்த வகையான பயணி என்பதுதான் கேள்வி. இங்கே வளர்ச்சியைத் தூக்கி நிறுத்தியது மலிவுக் கட்டண விமானச் சேவை. நீண்டதூர ஐரோப்பிய நிறுவனங்கள் வருவதும் போவதுமாக இருக்கின்றன. லுஃப்தான்சா 2016இல் விலகியது, பிரிட்டிஷ் ஏர்வேஸ் போய், வந்து, மறுபடி போய், 2025 ஏப்ரலில் திரும்பியிருக்கிறது. சாங்கியின் ஐந்தாம் முனையத்துக்கு 2025 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். 2030களின் நடுவில் அது திறக்கப்படும்போது அந்த ஒரு முனையம் மட்டுமே ஆண்டுக்கு 5 கோடிப் பயணிகளை ஏற்கும். நாமோ முதல் முனையத்தில் இரண்டு கட்டடங்களுக்கு இடையே ஓடும் சிறு ரயிலை 2023 மார்ச்சில் நிறுத்திவிட்டு, 2025 ஜூலையில்தான் மறுபடி ஓட்டினோம். இடைப்பட்ட காலத்தில் பயணிகள் பேருந்தில் ஏறிப் போனார்கள். இடம் தாராளமாக இருப்பது ஒரு பலம் என்றால், இருப்பதைப் பழுதில்லாமல் வைத்திருப்பது இன்னொரு பலம். முதலாவது நமக்கு 1998 முதலே உண்டு.

சிக்கனமாகப் பயணம் செய்பவர் முனையத்தில் இறங்கி, ரயிலிலோ வாடகை வண்டியிலோ ஏறிக் கோலாலம்பூருக்குப் போய்விடுகிறார். அவருடைய பணம் பந்திங் பக்கம் திரும்புவதில்லை. நம் வட்டாரத்துக்கு உண்மையில் எட்டக்கூடியவை சரக்கும் பராமரிப்புமே என்பது என் கணிப்பு. மலிவுக் கட்டண விமானங்களுக்காக 2006இல் திறந்த பழைய முனையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டே ஆண்டில் பயணிகள் புதிய முனையத்துக்கு மாறிவிட்டார்கள். அந்தக் கூட்டத்தை நம்பிப் பிழைத்தவர்கள் ஒரே நாளில் வாடிக்கையை இழந்தார்கள். அதே கட்டடம் பின்னர் சரக்கு முனையமாகி வேலை கொடுத்தது. சுபாங்கிலும் இதுவே நடந்தது. பெரிய விமானங்கள் 1998இல் சிப்பாங்குக்கு மாறியபோது அந்த இடம் பாழாகிவிடும் என்று பலர் எண்ணினார்கள். விமான உதிரிப்பாகத் தொழிலும் பழுதுபார்ப்பும் அதைக் காப்பாற்றின. 2024 ஆகஸ்டில் அங்கே ஜெட் விமானங்களும் திரும்ப வந்துவிட்டன.

ஆகவே உங்கள் நிலத்தின் விலையை நிர்ணயிக்கும் கேள்விகள் வேறு. பெருஞ்சாலைக்கும் உங்கள் நிலத்துக்கும் இடையே சட்டப்படியான வழி உண்டா, அல்லது அண்டை நிலத்துக்காரர் தயவில் போய்வருகிறீர்களா? கிராண்டில் நிலத்தின் வகை என்னவென்று குறித்திருக்கிறது? அநேகமாக விவசாயம் என்றே இருக்கும். குறிப்பிட்ட பயிர் நிபந்தனைகூட எழுதியிருக்கலாம். மாவட்ட உள்ளூர்த் திட்டத்தில் உங்கள் பகுதி தொழில் மண்டலமாகக் காட்டப்பட்டிருக்கிறதா? அப்படிக் காட்டப்படாத விவசாய நிலத்தில் கிடங்கு கட்டுவதற்கு வகை மாற்ற விண்ணப்பம், அரசாங்கத்துக்குக் கட்டும் கூடுதல் பிரீமியம் என்று நீண்ட பாதை இருக்கிறது. மூன்றரை ஏக்கரை மூவர் பிரித்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தால், விவசாய நிலத்தை ஐந்தில் இரண்டு ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குக் குறைவாகத் துண்டாக்க தேசிய நிலச் சட்டம் இடம் தருவதில்லை என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். உங்களுக்கு அது மயிரிழையில் இடம் கொடுக்கும், ஆனால் வழிக்கு ஒதுக்கியபின் எஞ்சுவதைப் பார்க்க வேண்டும். இவற்றை எல்லாம் தெலுக் டத்தோவில் உள்ள கோலலங்காட் மாவட்ட நில அலுவலகத்திலும் நகராண்மைக் கழகத்தின் திட்டப் பிரிவிலும் ஒருநாளில் கேட்டறியலாம்.

அரசாங்கம் எடுத்தால் சொற்பத் தொகைதான் என்ற பயமுறுத்தலுக்கு வருகிறேன். 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி இழப்பீடு சந்தை மதிப்பில் கணக்கிடப்பட வேண்டும். நிலத்தின் ஒரு பகுதியை மட்டும் எடுத்தால், மீதிப் பகுதிக்கு ஏற்படும் பாதிப்பும் கணக்கில் வரும். அளிக்கப்பட்ட தொகை குறைவு என்று கருதினால் உயர் நீதிமன்றத்தின் பார்வைக்கு அனுப்பக் கோரலாம், அதற்குக் காலக்கெடு குறுகியது. நம் பக்கத்திலேயே நடந்த ஒரு வழக்கு நாடு முழுவதும் படிக்கப்படுகிறது. விமான நிலையத்துக்குச் செல்லும் நீலாய்–பந்திங் நெடுஞ்சாலைக்காக 1995இல் டெங்கில் அருகே புக்கிட் தம்போயில் தெமுவான் பூர்வகுடியினரின் நிலம் எடுக்கப்பட்டது. வீட்டுக்கும் பயிருக்கும் மட்டும் ஏதோ கொடுத்துவிட்டு, மண்ணுக்கு எதுவும் இல்லை என்றார்கள். சாகோங் பின் தாசியும் உறவினரும் தொடுத்த அந்த வழக்கில், அந்த மண்ணின் மேல் அவர்களுக்கு உரிமை உண்டு, அதற்கும் இழப்பீடு தர வேண்டும் என்று 2002இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. கிராண்டே இல்லாதவர்கள் அந்த அளவுக்குப் போராடிப் பெற்றார்கள். உங்களிடம் கிராண்ட் இருக்கிறது. அந்த நிலம் ஓடுபாதைக்காக எடுக்கப்படவில்லை, சாலைக்காக எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். உங்கள் நிலத்தை ஒருநாள் யாராவது கேட்டால் அதுவும் அநேகமாக ஒரு சாலைக்காகவே இருக்கும்.

தரகர் நீட்டிய தாளில் இருப்பது என்னவென்று பாருங்கள். பத்தாயிரம் வெள்ளிக்கு அவர் நிலத்தை வாங்கவில்லை, உங்கள் கையைக் கட்டும் உரிமையை வாங்குகிறார். விலை ஏறினால் குறித்த விலைக்கு எடுத்து மேலே விற்றுக்கொள்வார். ஏறாவிட்டால் பேசாமல் போய்விடுவார், அந்த ஈராண்டும் உங்களால் வேறு எவருக்கும் விற்க முடியாது. விமான நிலையத்தின் மேல் அவருக்கு உண்மையாகவே அவ்வளவு நம்பிக்கை இருந்தால் முழு விலையையும் இப்போதே கொடுத்திருப்பார். அதிகாரப் பத்திரம் அதைவிடப் பெரிய ஆபத்து. திரும்பப் பெற முடியாத வகையில் எழுதிவிட்டால், உங்கள் பெயரில் அவர் என்ன செய்தாலும் நீங்கள் செய்ததாகும். அவர் மதிப்பீட்டாளர் மற்றும் நில முகவர் வாரியத்தில் பதிவு பெற்றவரா என்று அட்டையைக் கேட்டுப் பாருங்கள். நேர்மையானவர் அதற்குக் கோபிக்கமாட்டார்.

அது ஒருபுறமிருக்க, அந்தத் தாளில் கையெழுத்திட இப்போது உங்களுக்கு அதிகாரமே இல்லை. கிராண்ட் அப்பாவின் பெயரில் இருக்கும்வரை, நிலம் அவருடைய மரபுரிமைச் சொத்து. உயில் இல்லாமல் அவர் இறந்திருந்தால், அவர் இறந்த நேரத்தில் அவருடைய பெற்றோரும் உயிருடன் இல்லையென்றால், சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு உங்கள் அம்மாவுக்கு, மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகள் மூவருக்கும் சமமாக. மொத்தச் சொத்து 50 லட்சம் வெள்ளிக்குள் இருந்து, அதில் நிலம் அடங்கியிருந்தால், சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் நில அலுவலகமே விசாரித்துப் பெயர் மாற்றித் தரும். 2024 ஜூலை வரை இந்த வரம்பு 20 லட்சமாக இருந்தது. முதல் வேலையாக இதை முடித்துவிடுங்கள். அம்மா நலமாக இருக்கும்போதே முடிப்பது எளிது. இன்னொரு தலைமுறை கடந்துவிட்டால் பேரப் பிள்ளைகளின் கையெழுத்துக்காக ஆஸ்திரேலியாவுக்கும் லண்டனுக்கும் கடிதம் போட வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட கோப்புகள் என் மேசையில் எப்போதும் இரண்டு மூன்று கிடக்கின்றன.

துண்டாடல் காலத்தில் உங்கள் தாத்தா நிலம் வாங்கினார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரைமாரின் தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் வேலையும் லயமும் இழந்து தெருவில் நின்றன. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பாட்டாளிகளின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கியது அந்த நெருக்கடியில்தான். தனி ஆளாக மூன்றரை ஏக்கரைக் கையில் பிடித்த உங்கள் தாத்தா சாதாரண மனிதராக இருந்திருக்கமாட்டார். அதனால் விற்கவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. விற்பதானால் அதன் இன்றைய மதிப்புக்கு விற்க வேண்டும். அந்த மதிப்பை அறிய, மதிப்பீட்டுத் துறையான ஜே.பி.பி.எச். அலுவலகத்தில் அண்டை நிலங்கள் உண்மையில் கைமாறிய விலைகளைக் கட்டணம் செலுத்திக் கேளுங்கள்; தரகர் சொல்லும் விலையும் தம்பி கனவு காணும் விலையும் அந்தப் பட்டியலின் முன் தாமாகவே அடங்கும். விற்காமல் வைப்பதானால் மரங்களின் வயதைப் பாருங்கள். இருபத்தைந்து ஆண்டைத் தாண்டிய செம்பனை உயரமாகிவிட்டால் குலை வெட்டும் கூலி வருமானத்தைத் தின்றுவிடும். சுங்கை பீலேக் பக்கம் பலர் டிராகன் பழத்துக்கு மாறியிருக்கிறார்கள். உங்கள் மண்ணுக்கு அது ஒத்துவருமா என்பதை விவசாய அலுவலகம் சொல்லும்.

மகனைப் பற்றி. நான் கல்வி ஆலோசகன் இல்லையென்றாலும், விமான நிலையத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வரக்கூடிய பணம் நிலத்தைவிட அவன் வழியாக வரும் சாத்தியமே அதிகம் என்று நினைக்கிறேன். ஏர் ஏசியாவின் பராமரிப்புப் பிரிவு 2024இல் சிப்பாங்கில் திறந்த கூடத்தில் ஒரே நேரத்தில் 14 விமானங்களைப் பழுதுபார்க்கலாம். அங்கே ஆள் வேண்டும். ஆனால் பெயருக்கு விமானப் படிப்பு நடத்தும் கல்லூரிகள் பல. மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் ஒப்புதல் அளித்த பயிற்சி நிலையமா என்று முதலில் பாருங்கள். படிப்பு முடிந்தாலும் உரிமம் உடனே கைக்கு வராது. தேர்வுத் தாள்களும் கூடத்தில் உழைத்த அனுபவமும் கணக்கில் வந்த பிறகே வரும், அதற்குச் சில ஆண்டுகள் ஆகும். திறன் பயிற்சிக்குக் கடன் தரும் அரசாங்க நிதிக் கழகமான பி.டி.பி.கே.யின் கடன் கிடைக்குமா என்று அந்தக் கல்லூரியிடமே கேளுங்கள். பந்திங்கிலிருந்து அங்கே ரயில் கிடையாது. இரவு ஷிஃப்ட் முடிந்து செம்பனைக்கு நடுவே மோட்டார் சைக்கிளில் திரும்ப வேண்டியிருக்கும் என்பதை அவனோடும் அவன் அம்மாவோடும் பேசிக்கொள்ளுங்கள். எப்படியானாலும் அவனுடைய கல்லூரிக் கட்டணத்தைத் தரகரின் முன்பணத்தில் கட்ட வேண்டாம்.

தரகர் மறுபடி வந்தால் அந்தத் தாளைக் கையெழுத்து இல்லாமலே திருப்பிக் கொடுங்கள். அதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; பெயர் மாற்றத்துக்காக நில அலுவலகம் போகும் நாளில் கிராண்டோடு அதையும் எடுத்துவந்தால், உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்துவிடலாம்.